திரையில் ஒரு பெரட்டு

தேயிலை மலை நோர்வூட்டில் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வருகிறது. தகரக் கூரையில் மழை இரைகிறது. ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் பச்சை வெளிச்சம் பவுலின் டீச்சரின் மூக்குக்கண்ணாடியில் விழுந்து கிடக்கிறது. தம்பி றோலண்ட் கொழும்பிலிருந்து வந்த ஈரம்கூடக் காயாமல், போன வாரம் கொண்டுபோன பிளாப்பித் தட்டை உள்ளே தள்ளுகிறான். “மெஷினக் கெளப்புற புது டாஸ் போட்டாச்சுக்கா. வேற தட்டு கெடைக்கல. பழசச் சுத்தமா அழிச்சிட்டு இதுலயே ஏத்திட்டேன்.” மெஷின் கரகரக்கிறது. டீச்சர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிறாள். தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராயிருந்த கணவர் இராயப்பன், சாகுமுன் அந்தத் தட்டில் விளையாட்டாக ஒரு வரி எழுதிவைத்திருந்தார். மெஷினைப் போட்டதும், விடியற்காலைப் பெரட்டில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற மாதிரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் திரை கேட்கும்: ‘பவுலின், வந்தாச்சா?’ அவர் போன இரண்டு வருஷமாக அவளும் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுப் பதில் சொல்லிவருகிறாள். கரகரப்பு நிற்கிறது. திரை இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கிறது. வேறொன்றும் கேட்கவில்லை. “என்னக்கா, நல்லா வேல செய்யுதுதானே?” என்கிறான் றோலண்ட். டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “வந்தாச்சுங்க” என்கிறாள்.