கை நனைத்த நாள்

கேசரியை அவர் தொடவே இல்லை.

அம்மா நெய் மிதக்கக் கிண்டிய கேசரி. தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. பஜ்ஜியில் ஒன்றைப் பிட்டு, பிட்டதையும் அப்படியே வைத்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்களாவது கேசரியைத் தின்றுவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாரம் காலை ஷிப்டு, மறுவாரம் மத்தியான ஷிப்டு. இருட்டிய பிறகு கம்பெனி வேனில் வந்து இறங்குகிற பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை கிடைப்பது லேசில்லை.

வந்திருந்த மாப்பிள்ளை ரகுபதியும் இன்னொரு கம்பெனியில் ஃபிட்டர். அரை நாள் பர்மிஷன் போட்டு, யூனிஃபார்மை மட்டும் மாற்றிக்கொண்டு, கூட வேலை செய்கிற ஜெபகுமாரோடு நேராக வந்துவிட்டார். குன்றத்தூரிலிருந்து அவருடைய தாய்மாமன் நரசிம்மன் வந்திருந்தார். பேச்செல்லாம் மாமனுடையதுதான்.

நான் காபி கொண்டுபோனபோது ரகுபதி கேட்டது ஒன்றே ஒன்று.

“இந்த வாரம் எந்த ஷிப்டுங்க?”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. முன்னால் வந்தவர்களெல்லாம் வேலையை எப்போது விடுவாய் என்றுதான் கேட்டார்கள். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. அதை ஏன் மறைக்க வேண்டும்?

மாமனுக்குத்தான் பிடிக்கவில்லை. ஷிப்டு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுண்டிவிட்டது.

“ஊருக்குப் போய் தகவல் சொல்லி அனுப்புறோம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அந்தத் தகவல் ஒருநாளும் வராது என்பது எங்களுக்குப் பழக்கம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் வெறும் காபி தம்ளர்களைப் பொறுக்கக் குனிந்தேன், கண்ணை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

ரகுபதி எழுந்திருக்கவில்லை.

“கொஞ்சம் சோறு இருந்தா போடுங்கம்மா. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

ஜெபகுமார் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தார்.

பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் சாப்பிடலாம், காபி குடிக்கலாம். சோற்றில் மட்டும் கை நனைக்கக் கூடாது. நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் பின்வாங்க முடியாது, மாமனே ஆனாலும்.

அம்மா இலை நறுக்கக் கொல்லைக்கு ஓடினாள்.

விசேஷமாக ஒன்றும் இல்லை. மத்தியானம் வடித்த சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், கத்திரிக்காய் போட்ட மொச்சைக்கொட்டைக் குழம்பு, மோர். நான்தான் பரிமாறினேன். எல்லாமே கூடுதலாக விழுந்தது.

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நெற்றியில் வேர்வை வழிய வழியச் சாப்பிட்டார். குழம்பில் காரம் தூக்கல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா மறுசோறு போட்டபோதும் வேண்டாம் என்று கை மறிக்கவில்லை.

நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்த மாமன் கடைசியில் உட்கார்ந்தார். எந்த மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு கேலி. “பசிக்குத் தாலி கட்டுனவரு” என்று நான் சொல்வேன். அவர் சிரித்துக்கொள்வார். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன முள் இருந்தது. அன்றைக்கு வயிறு நிறைந்து வந்திருந்தால் மாமன் பின்னாலேயே எழுந்து போயிருப்பார்தானே? இத்தனை வருஷக் குடித்தனத்திலும் அந்த முள் போகவில்லை.

இப்போது அவருக்குச் சுகர். இனி சப்பாத்திதான் என்று தெருவே பயமுறுத்திவிட்டது. மனிதர் அரண்டு போயிருந்தார். ஒரகடம் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற பெண்தான் ஒரு தட்டைப் படம் போட்டுக் காட்டினாள். பாதித் தட்டுக்குக் காய், கீரை. கொஞ்சம் பருப்பு, பயறு. மிச்ச இடத்தில் சோறு. சோற்றை விட வேண்டாம், அளவாக, ரசித்துச் சாப்பிடுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சோற்றை மட்டும் குறைத்துப் பார்த்தால், அன்றைக்கு நான் போட்ட அதே இலை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபகுமார் வந்திருந்தார். ஓசூர்ப் பக்கம் வேலை மாறிப் போன பிறகு அவர் வருவதே அபூர்வம். இருவருக்கும் தட்டு வைத்தேன். இவர் தட்டில் கிண்ணத்தால் அளந்து கவிழ்த்த சோற்றைப் பார்த்ததும் அவர் தாங்க மாட்டாமல் சிரித்துவிட்டார்.

“இன்னாடா இது, கொயந்தைக்கு ஊட்ற மாரி? பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு கேன்டீன்ல ஸ்பெஷல் சாப்பாடு. பாயசம் வரிக்கும் வயிறு முட்ட துன்னுட்டு, பஸ்ல மூச்சு வுட முடியாம வந்தான் தங்கச்சி. வந்து உங்க வூட்ல திரும்பவும் சோறு கேக்கறான்! நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தொடையில கிள்ளிட்டான்.”

நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

இவர் தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“கனகம், அந்தக் கீரைய கொஞ்சம் வை” என்றார்.

வைத்தேன். அன்றைக்குப் போலவே கூடுதலாகத்தான் விழுந்தது.