தாமே வெளியேறும் வழக்கம்

1931 பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை. பந்து மட்டையின் விளிம்பில் பட்டது. மட்டை பிடித்த ஆங்கிலேயத் துரை வெளியேறவில்லை.

விக்கெட் காப்பாளர் பந்தைப் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார்.

துரை மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இங்கிலாந்தில், ஊதியம் பெறாத கனவான் ஆட்டக்காரராக, கவுண்டி அணிக்கு மூன்று போட்டிகள் ஆடியவர். ஆறு இன்னிங்ஸ். அதிகபட்சமாக எடுத்த ஓட்டம் ஒன்பது. நான்காம் முறை எவரும் அழைக்கவில்லை.

அதன்பின் நீலகிரி. தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் வேலை.

பந்து மட்டையில் பட்டுப் பிடிபட்டதென அறிந்தால், ஆட்டமிழந்ததாக நடுவர் விரல் உயர்த்தும்வரை கனவான் காத்திருப்பதில்லை. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாமே போய்விடுவார். தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆட்டம் பழக்கிய நாளில் அவர் முதலில் சொன்னது இதுதான்.

இன்று துரைமார் அணியின் கடைசி இணை களத்தில் நிற்கிறது. வெற்றிக்கு நான்கு ஓட்டம் வேண்டும்.

அவர் எடுத்திருப்பது நாற்பத்தேழு. வாழ்நாளில் அரைசதம் கண்டதில்லை.

பந்து வீசியவர் காத்தவராயன், தேயிலை ஆலைத் தொழிலாளி. தொழிலாளர் அணி ஒன்பது ஆண்டுகளாகத் தோற்றே வந்திருக்கிறது.

“‘டக்’குன்னு கேட்டுச்சே, அப்ப மரங்கொத்தியா கொத்துச்சு?” என்றார் விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில், ஸ்லிப்பில் நின்ற தொழிலாளி. சிரிப்பு எழுந்தது.

காத்தவராயன் நடுவர் பக்கம் திரும்பினார். நடுவர் சவரிமுத்து, தோட்ட அலுவலகத்து எழுத்தர்.

“கிளாக்கரய்யா, கையத் தூக்குங்க!”

“நான் எதுக்குப்பா தூக்கணும்? பட்டிருந்தா தொரையே போயிருப்பாரு. நிக்கிறாருல்ல? அப்ப படல.”

சிரிப்பு அடங்கியது.

காத்தவராயன் துரையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

“தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க தொரை.”

துரைக்குத் தமிழ் தெரியும்.

வாய் திறந்தார். தொண்டையைச் செருமினார். மட்டையை ஊன்றிக் குனிந்தார்.

அடுத்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டியது; நான்கு ஓட்டம்.

கூடாரத்தில் துரைமார் எழுந்து நின்று கைதட்டினர். தொழிலாளரும் தட்டினர். காத்தவராயனும் தட்டினார், எல்லாரையும்விட உரக்கத் தட்டினார்.

துரையால் நிமிர முடியவில்லை.

இதைப் படிப்பவரே, நீங்களாவது கைதட்டாதீர்கள்.