ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு மடங்கு

சதாசிவம் வாயைத் திறந்தால் மீரா சாஹிப் டீக்கடையில் நாற்காலிகள் காலியாகிவிடும்.

ஆயர் தாவார் ஊரின் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபோர்மனாக இருந்தவர். ஆறு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக். கை கால் தேறிவிட்டது, நாக்குத்தான் தேறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தடுக்கும்.

அந்த நாக்கை வைத்துக்கொண்டு அவர் பேச ஆசைப்பட்டதோ அணுவுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றி. படுக்கையில் கிடந்தபோது போனில் பார்த்துப் பிடித்த பைத்தியம் அது. பெரியதன் வடிவம்தான் சிறியதிலும் இருக்கும், காலிபிளவரில் ஒரு துண்டைப் பிய்த்தால் அதுவும் குட்டிக் காலிபிளவர்தான் என்பார். நம் பிரபஞ்சம் மாதிரி இன்னும் பல இருக்கலாம், அதில் ஒன்றில் தனக்கு ஸ்ட்ரோக் வராமலேகூட இருக்கலாம் என்பார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் தே தாரிக் டீ ஆறிவிடும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மனைவி கலாதேவி தினமும் அவரைக் கடையில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். புருஷன்மேல் அக்கறையே இல்லை என்று ஊரில் பேச்சு.

திடீரென்று ஒரு புதன்கிழமை, அவர் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

"புரோட்டான்... எலக்... எலக்ட்ரானவிட ஆயிரத்து எண்ணூத்தி... முப்பத்தாறு மடங்கு கனம்" என்றார் சதாசிவம்.

ஆலையில் கூட வேலை பார்த்த சன்னாசி அதைச் சிகரெட் பெட்டியில் குறித்துக்கொண்டார். "அண்ணே, அந்த இன்னொரு பிரபஞ்சத்துல உங்க வீட்டு நம்பர் என்னாவா இருக்கும்லா?"

சதாசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஊரில் இவ்வளவு அறிவுத் தாகமா?

மூன்று மாதம் ஓடியது. புதன், சனி, ஞாயிறு என்றால் கூட்டம் இன்னும் அதிகம். தான் எப்படிப் பேசுகிறோம் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவு இருந்தது.

ஒருநாள் மீரா சாஹிப் அவரைத் தனியே அழைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இவங்க கேக்க வாரது உங்க விஞ்ஞானத்த இல்ல, நாலு நம்பர் லாட்டரிக்கு நம்பர். புதன், சனி, ஞாயிறுதானே குலுக்கல். நம்ம கடையில சூதாட்டம் வேணாம்லா. ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து உங்க வாயில சாமி நம்பர் சொல்லுதுன்னு கலா அக்காதான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க. இதுவரைக்கும் ஒன்னுகூட அடிக்கல, அப்பவும் வாராங்க."

சதாசிவம் அவமானத்தில் குன்றிப்போனார். வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளிவிட்டார்.

"கலா, ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி பண்ணிட்டியே. புரோட்டான் எலக்ட்ரானவிட ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்தாறு மடங்கு கனம்னு நான் சொன்னா, அதப் போய் லாட்டரி நம்பராக்கி என் மானத்த வாங்கிட்டியே!"

துணி மடித்துக்கொண்டிருந்த கலாதேவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"தெனம் ஒரு மணி நேரமாவது பேசினாத்தான் நாக்கு திரும்பும்னு ஈப்போ ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. நான் கேக்க உக்காந்தா நீங்க வாயே தொறக்கல. கூட்டாளிங்களோ ஓடிப் போனாங்க. நம்பர்னு சொன்னாத்தானே நம்மாளுங்க உக்காருறாங்க?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பத் திட்டினீங்களே, அத இன்னொரு தடவ திட்டுங்க. ஒரு எடத்துலகூடத் தடுக்கல."