மூப்பர் ஊத்தின காபி

"பெத்த பொண்ணோட ஞானஸ்நானத்தையே நிறுத்தற தாயை இப்பத்தான் பார்க்கிறேன், சிஸ்டர்" என்றார் சபை மூப்பர் வெர்லன்.

டார்லா, தண்ணீர்க் குழாய் வால்வுகளைச் சோதித்துச் சான்று தருகிறவள். மேடைக்குப் பின்னால், காலியாகக் கிடந்த ஞானஸ்நானத் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தாள். வால்வில் மாட்டியிருந்த அழுத்த மீட்டரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள். முள் அசையவே இல்லை.

வால்வின் கழுத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு எழுந்தாள்.

"ஃபெயில். புது பாகம் செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவரைக்கும் இந்தத் தொட்டிக்குத் தண்ணி கிடையாது."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை!"

"தெரியும். வாரா வாரம் வருது."

டார்லாவின் மகள் கெல்சி, கையில் காபிக் கப்போடு நின்றிருந்தாள். சர்ச் தரையைப் பெருக்க வந்தவளுக்கு வெர்லன் ஊற்றிக் கொடுத்த காபி.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓக்லஹோமா முழுக்கத் தேடினாலும் இப்படி உபசரிக்கிற மனுஷர் கிடைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காபிப் பாய்லர் பக்கத்தில் நின்று, கடைசி ஆள் வரைக்கும் அவரே ஊற்றிக் கொடுப்பார். தனக்கென்று ஒரு கப் எடுக்க மாட்டார். அந்தத் தியாகத்தை வைத்துப் பாஸ்டர் ஒரு பிரசங்கமே செய்திருக்கிறார்.

டார்லா? பாட்டுப் பாடும்போதுகூடக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கிற ஜென்மம்.

"அம்மா, அப்பா வர்றார்" என்றாள் கெல்சி. "ஸ்கூல் முடிச்சப்ப வரலை. எனக்கு ஆபரேஷன் பண்ணினப்ப வரலை. முதல் தடவையா எனக்காக டல்ஸாவிலேர்ந்து வண்டி ஓட்டிட்டு வர்றார். அது பொறுக்கலை உனக்கு. அதான் இந்த அட்டை."

வெர்லன் வருத்தமாக நாக்கைத் தட்டினார். அந்த வருத்தத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

"உங்கப்பன் வர்றதுக்கும் வால்வுக்கும் சம்பந்தமில்லைடி. ஓடையில முங்கு. பாஸ்டர் வேண்டாம்னா சொல்லப் போறார்?"

"அக்டோபர்லயா? நான் ஞானஸ்நானம் கேட்டேன், நிமோனியா கேட்கலை."

"சரி, வாளியில நிரப்பு. விடிய விடிய தூக்கினா முழங்கால் வரைக்கும் வரும். நாமதான் தலை முழுகற சபையாச்சே."

வெர்லன் குறுக்கே வந்தார். "இத்தனை வருஷமா பாஸ் ஆன வால்வு சிஸ்டர் இது. போன வருஷம் சோதிக்க வந்த தம்பி ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கூட்டிட்டு வந்தீங்களே, அவன்தானே? வண்டியை விட்டு இறங்காமலே பாஸ் போட்டானே. நல்ல விசுவாசி. பார்க்காமலே நம்பினான்."

"அப்படி என்னதான் ஆயிடும்?"

"இந்தத் தொட்டியும் சமையல்கட்டுக் குழாயும் ஒரே லைன். ஊர்ல எங்கயாவது தீப்பிடிச்சு தீயணைப்பு வண்டி தண்ணி இழுத்தா, பைப்ல அழுத்தம் இறங்கும். உடனே தொட்டித் தண்ணி பின்பக்கமா ஓடி உங்க காபிப் பாய்லருக்கு வரும். வராம தடுக்கத்தான் இந்த வால்வு. இது வாயைப் பொளந்துட்டுக் கிடக்கு."

"ஆண்டவர் சந்நிதியில நின்ன தண்ணி, சிஸ்டர்."

"அதுல நின்னது போன தடவை ஞானஸ்நானம் எடுத்த ரட்லெட்ஜ் அண்ணன். மாட்டுக் கொட்டகையிலேர்ந்து நேரா வந்து நின்னார்."

கெல்சி சிரிப்பை அடக்க காபியைக் குடித்தாள்.

"ஏன், போன கோடையில தீவனக் கடை எரிஞ்சதே, அன்னிக்கு இங்க ஞானஸ்நானம் நடந்துச்சு. தொட்டி நிறைய குளோரின் போட்ட தண்ணி. அப்புறம் குடிச்ச காபி குளோரின் நாத்தம் அடிச்சது ஞாபகம் இருக்கா? புது பிராண்டான்னு கேட்டுக்கிட்டே எல்லாரும் ரெண்டாவது கப் வாங்கினோம்."

"அது பழைய காபித்தூள்" என்றார் வெர்லன், யோசிக்கவே யோசிக்காமல். "சிஸ்டர், இதெல்லாம் சந்தேகம் பிடிச்ச மனசோட வேலை. சபைத் தண்ணியை நம்பாதவங்க சபையை எப்படி நம்புவாங்க? அட்டையைக் கழட்டுங்க. இல்லைன்னா நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் சொல்லுவேன், இந்தப் பொண்ணு ஞானஸ்நானம் நின்னதுக்கு அவ அம்மாதான் காரணம்னு. அவ அப்பா முன்னாடியும்."

டார்லாவின் கை சிவப்பு அட்டைக்குப் போனது. மகளைப் பார்த்தாள்.

"கழட்டும்மா" என்றாள் கெல்சி. "ப்ளீஸ். ஒரே ஒரு நாள்."

டார்லா அட்டையைப் பிடித்தபடியே நின்றாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

"சொல்லிக்கோங்க பிரதர்."

அந்த நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்துகொண்டு வெர்லனின் மனைவி நாடீன் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. இரண்டு கையிலும் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்.

"ஏங்க, இதை வண்டியிலேயே விட்டுட்டு வந்துட்டீங்களே!" ஒன்றை அவர் கையில் திணித்தாள். பிறகு டார்லாவிடம் பெருமையாகத் திரும்பினாள். "நாக்கு வறண்டு செத்தாலும் இங்க ஒரு சொட்டு குடிக்க மாட்டார் டார்லா. தீவனக் கடை எரிஞ்ச நாள்லேர்ந்து அப்படித்தான். என்னையும் குடிக்க விடறதில்லை. அவ்வளவு பாசம்."

வெர்லன் பாட்டில் மூடியைத் திருகவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல் நின்றார்.

கெல்சி தன் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். அடியில் ஒரு வாய்தான் மிச்சம்.

"அம்மா" என்றாள். "ஓடை எவ்வளவு குளிரும்?"