பாதித் தட்டு

பக்கவாதம் வந்த பெரியவரின் கட்டிலைச் சுற்றி டாக்டரம்மா, நர்ஸ், நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் என மூன்று பேர் நிற்கிறார்கள். அவர் பாதி தின்று வைத்த தட்டின் விளிம்பில் காலை வெயில் மினுங்குகிறது. "எடை குறைஞ்சுக்கிட்டே போகுது, மூக்குல டியூப் போட்டுடலாம்" என்று டாக்டரம்மா பேனாவைத் திறக்க, மகள் கட்டில் கம்பியை இறுகப் பிடிக்கிறாள். தட்டெடுக்க வந்த ஆயாவுக்கு மனசு கேட்கவில்லை. நாலு நாளாக இந்தத் தட்டைக் கழுவுகிறவள் அவள்தானே! "தப்பா நினைக்காதீங்கம்மா. தினமும் இடது பக்கம் மட்டுந்தான் மிஞ்சுது, கோடு போட்ட மாதிரி." பேனா அந்தரத்தில் நிற்கிறது. "அட, நடக்கும்போதும் இடது பக்கச் சுவத்துலதான் போய் இடிச்சுக்கறார்! காலுல பலமில்லைன்னு நினைச்சேன்" என்கிறார் பிசியோதெரபிஸ்ட். "அப்போ இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவர் மூளைக்குத் தெரியல. ஆயா, நீங்களே தட்டைத் திருப்பி வைங்க" என்கிறார் டாக்டரம்மா. நர்ஸ் தன் தாளில் 'சாப்பிட மறுக்கிறார்' என்ற வரியை அடித்துவிடுகிறாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஆயா தட்டை அரைவட்டம் சுழற்றுகிறாள். பெரியவர் குனிந்து பார்க்கிறார். ஸ்பூனை எடுத்துக்கொண்டே மகளை முறைக்கிறார்: "இத்தனை நாளா இதையெல்லாம் எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?"