கையெழுத்து நாளைக்கு

“டோக்கன் இருபத்துமூணு!”

பியூன் ராசையா கூப்பிட்டதும், தண்ணீர் பாட்டிலோடு ஜூடி உள்ளே வந்தாள். அவளைப் பார்த்த ராசையா, ஸ்டூலை விட்டு எழுந்து, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

ராயபுரத்தில் அந்தக் கவுன்சிலர் அலுவலகத்தில் காலையிலிருந்தே கூட்டம். பெரிய நாற்காலியில் பிராங்கிளின். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் மூன்று பேனா. நீட்டிய காகிதம் எதுவானாலும் சீல் குத்தி, பக்கத்திலிருந்த கட்டோடு சேர்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம்கூட, பத்திரிகையில் சீலைக் குத்திவிட்டு “நாளைக்கு வாங்க” என்றார்.

“இன்னா மேட்டரு?” என்றார், நிமிராமலே.

ஜூடி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். உள்ளே டீ நிறத்தில் தண்ணீர். “கொழாய்ல வந்தது. மோந்து பாரு. நம்ம தெருவுல நாலு புள்ளைங்க வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரில கெடக்குது.”

“நேத்தே சொன்னியே.”

“சொன்னேன். நீ போன்ல பேசிகினு இருந்த. டோக்கன் எடுத்தாத்தான் கேப்பன்னு ரெண்டு மணி நேரமா கியூல நிக்கிறேன்.”

யாரோ சிரித்தார்கள். பிராங்கிளின் முறைத்தார். “ஆபீஸ்னா ஒரு மொற கீது.”

“பைப்ப மாத்த ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க. ரோட்ட தோண்ட கவுன்சிலர் லெட்டர் கேக்குறாங்க. நானே எழுதியாந்துட்டேன். கையெழுத்துதான் பாக்கி.”

பிராங்கிளின் கடிதத்தை வாங்கினார். சீலை இரண்டு தரம் ஊதிக் குத்தினார். கட்டுக்கு அடியில் செருகினார். “நாளைக்கு வா.”

“தலைவரே, எம் பொண்ணுக்கு டிரிப்ஸ் ஏறிகினு கீது” என்று வரிசையில் நின்ற ஜானட் அழுதாள். “இன்னிக்கே தோண்டச் சொல்லுங்க.”

“நான் இன்னாம்மா பண்றது? சீலுதான் இங்க. கையெழுத்து எல்லாம் ராத்திரி வூட்டுக்கு எடுத்துகினு போய்த்தான். மூணு வருசமா அதான் ரூலு!”

ஜூடி ஜானட்டைப் பார்த்தாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து, பிராங்கிளினின் பாக்கெட்டிலிருந்து ஒரு பேனாவை உருவினாள். கட்டுக்கு அடியிலிருந்து கடிதத்தையும் இழுத்தாள்.

“ஏய், ஏய், இன்னா பண்ற?”

“வூட்டுக்கு எடுத்தாந்து எங்கிட்டதானேய்யா வாங்குற? எந்திரி, கவுன்சிலர் நானு, இங்கயே போட்டுத் தரேன்.”