தலையசைப்பு

நாட்டின் உச்சப் பாதுகாப்புக் குழு தொலைபேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. எல்லைச் சாவடியிலிருந்து கேப்டன் மாசிலாமணி ஸ்பீக்கரில் கத்தினார்: “ஐயா, சுத்தி வளைச்சுட்டாங்க. பசங்களக் கூட்டிக்கிட்டுத் திரும்பிடவா? ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா!”

பிரதமர் அமைச்சரைப் பார்த்துச் சம்மதமாகத் தலையசைத்தார். அமைச்சர் தளபதியைப் பார்த்து அசைத்தார். தளபதி செயலரைப் பார்த்து அசைத்தார். எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் பேச்சு பதிவாகிறது. வாயைத் திறந்து சொன்னவர்தான் நாளைக்கு ‘ஓடி வரச் சொன்னவர்’ ஆவார்.

“ஐயா, லைன்ல இருக்கீங்களா?”

இன்னும் பலமாகத் தலையசைத்தார்கள். வெடிச்சத்தம் கேட்டது. லைன் அறுந்தது.

“ஏகமனதான முடிவு சார்” என்றார் செயலர்.

தொலைபேசி மறுபடி அடித்தது. எடுக்கலாம் என்று எல்லோரும் தலையசைத்தார்கள்.